ஜீப்பில் காற்று

வெண்கடம்பு மலையில் ஓர் ஆசிரமம். அதில் ஒரு குரு, ஒரு சீடர், ஒரு ஜீப். மூன்றில் மூத்தது ஜீப். அடுத்தவர் சீடர். குருதான் கடைக்குட்டி.

குருவை மலைச்சனம் இளைய சாமி என்றது. துறவுக்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று யாராவது கேட்டால், "மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்பார்.

சீடர் கனகசபை, கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் படித்தவர். படித்ததை மறக்கத் தெரியாதவர். எதிரில் இருப்பவர் தும்மினால்கூட அதற்கு இரண்டு உரையும் ஒரு மறுப்புரையும் அவருக்கு நினைவு வரும்.

இளைய சாமி அப்போது மௌனத்தில் இருந்தார். ஓராண்டு மௌனம். வருகிற பௌர்ணமியோடு நிறைவு. விதிகளைப் பல நூல்களைப் புரட்டி வகுத்துக் கொடுத்தவர் கனகசபைதான். பேசக் கூடாது. எழுதவும் கூடாது, எழுத்து என்பது வாயை மூடிக்கொண்டு பேசுவது. ஒரே ஒரு சொல் தவறி விழுந்தாலும் ஓராண்டு மறுபடி முதலிலிருந்து. கைச்சாடைக்கு மட்டும் விலக்கு. சோறு கேட்க வேண்டுமே.

அன்று காலை இருவரும் ஜீப்பில் அடிவாரம் போய் அரிசி வாங்கி வந்தார்கள். ஓட்டியவர் கனகசபை. இறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவில் இளைய சாமி கனகசபையின் காலைப் பார்த்தார். இரண்டாவது வளைவில் கைப்பிடியை இறுகப் பற்றினார். மூன்றாவதில் கண்களை மூடிக்கொண்டார்.

குரு நிட்டையில் ஆழ்ந்துவிட்டார் என்று கனகசபைக்கு உள்ளம் நிறைந்தது.

திரும்பி வந்து ஆசிரம வாசலில் இறங்கியதும், இளைய சாமி அவர் முன்னால் வந்து நின்றார். வலது உள்ளங்கையைக் கவிழ்த்தார். காற்றில் அதை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார். பிறகு, கூடாது என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

கனகசபைக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"புரிகிறது சாமி. அகந்தை தணிய வேண்டும். ஆனால் தணிந்துவிட்டேன் என்கிற அகந்தை கூடாது."

இளைய சாமி அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கி வெறும் காற்றில் ஒரு மிதி மிதித்தார். இன்னொரு மிதி. இன்னொன்று.

"ஆகா! தூக்கிய திருவடி!" என்றார் கனகசபை. "ஆனால் ஒரு சந்தேகம் சாமி. ஆடவல்லான் தூக்குவது இடது கால். தாங்கள் தூக்கியது வலது. மதுரையில்தான் கால் மாறி ஆடினார். ஆக, இது மதுரைக் கூத்து. சரிதானே?"

இளைய சாமி நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"நெற்றிக்கண்," என்றார் கனகசபை.

இளைய சாமி அவர் மணிக்கட்டைப் பிடித்து ஜீப்புக்கே இழுத்துப் போனார். குனிந்து, பிரேக் மிதியின் மேல் கையை வைத்து அழுத்தினார். மிதி, வெண்ணெயில் விரல் போவதுபோல் உள்ளே போனது.

"உடம்பு என்பது ஒரு வண்டி," என்று தொடங்கினார் கனகசபை. "அதில் புலன்கள்..."

"சாமி பிரேக்கைச் சொல்றாருங்க ஐயா," என்றது ஒரு குரல்.

மலைப் பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"அது உங்களுக்குத் தோன்றுகிற பொருள், டீச்சர்."

"எனக்கு ஒண்ணும் தோணல. அவர் பிரேக் மேல கையை வச்சுக்கிட்டு நிக்கிறாரு."

இளைய சாமி நிமிர்ந்து ரோசலினைப் பார்த்து இரு கைகளையும் கூப்பினார்.

"பிரேக்குக்கு என்ன குறை?" என்றார் கனகசபை. "மூன்று மிதியில் நின்றுவிடும்."

"மூணு மிதியா?"

"முதல் மிதி சும்மா இறங்கும். இரண்டாவது கொஞ்சம் பிடிக்கும். மூன்றாவதில் வண்டி நிற்கும். ஒரு மிதிக்கு ஒரு சிவநாமம். ஜபமும் ஆயிற்று, வண்டியும் நின்றாயிற்று."

"எப்பலேருந்து இப்படி?"

"மழைக்காலத்திலிருந்து. முதலில் இரண்டு நாமமே போதுமாக இருந்தது."

  ரோசலின் வந்த காரியமே அந்த ஜீப்தான். மறுநாள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அடிவாரத்தில். மலையிலிருந்து எழுதுகிறவர்கள் ஏழு பெண்கள். மண் சரிந்ததிலிருந்து மலைக்கு பஸ் வருவதில்லை. ஆசிரம ஜீப்பில் கூட்டிப் போவதாகக் கனகசபை போன வாரமே சொல்லியிருந்தார்.

"ஏழு பிள்ளைங்களை இதுல ஏத்துறதா ஐயா? பதினாலு வளைவு இருக்கு. அவசரத்துக்குச் சாமி பேரை மூணு தடவ சொல்லி முடிக்கறதுக்குள்ள ஜீப் பள்ளத்துல கிடக்கும்."

"நம்பிக்கை வேண்டும் டீச்சர்."

"எனக்கு நம்பிக்கை நிறைய இருக்கு. பிரேக்தான் இல்ல."

அவள் தண்ணீர்த் தொட்டியின் படிமேல் ஏறி நின்று அடிவார மெக்கானிக் கரீம் பாய்க்குப் போன் போட்டாள். மலையில் அந்தப் படியில்தான் சிக்னல் கிடைக்கும். போனை ஸ்பீக்கரில் போட்டுப் படியிலேயே வைத்தாள், ஜீப் இரண்டடி தள்ளித்தான் நின்றது. பாய் வெளியூரில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம் கேட்டது.

"மிதி பஞ்சு மாதிரி இருக்கா? இல்ல, அமுக்கிப் பிடிச்சாலும் கீழ போயிக்கிட்டே இருக்கா?"

"இரண்டுக்கும் என்ன வேற்றுமை?" என்றார் கனகசபை.

"பஞ்சுன்னா பைப்புல காத்து புகுந்திருக்கு. போயிக்கிட்டே இருந்தா மாஸ்டர் சிலிண்டர் அவுட். அப்படின்னா வண்டியைத் தொடாதீங்க. ரெண்டு மூணு தடவ அடிச்சு, மிதி ஏறினதும் அப்படியே பிடிச்சுட்டு இருங்க."

கனகசபை பிடித்தார். ரோசலின் குனிந்து மிதியையே பார்த்தாள். அது அசையவில்லை.

"நிக்குது பாய்."

"அப்ப காத்துதான். ஆயில் டப்பாவைப் பாருங்க."

டப்பாவில் பிரேக் ஆயில் அடியில் கிடந்தது. எங்கோ கசிகிறது, ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்பக்கம் தடவிப் பாருங்கள் என்றார் பாய். இளைய சாமி தடவிக்கொண்டே போனார். முன்பக்க வலது சக்கரத்தில் விரல் ஈரமாக வெளியே வந்தது. பைப் சேருகிற இடத்தில் நட்டு தளர்ந்திருந்தது. ஸ்பேனரால் அதை முறுக்கினார்.

"இனி காத்தை வெளிய எடுக்கணும்," என்றார் பாய். "சக்கரத்துக்கு உள்பக்கம் நிப்பிள்னு ஒரு சின்னத் திருகு இருக்கும், அதுல ஒரு குழாயைச் செருகி மறுமுனையைக் காலி பாட்டில்ல விடுங்க. ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் சக்கரத்துக்கிட்ட படுத்துக்கிட்டு நிப்பிளைத் திறந்து 'மிதி'ன்னு சொல்லணும். மேல இருக்கறவர் மிதிச்சு அப்படியே வச்சிருக்கணும். காத்து முட்டை முட்டையா வெளிய வரும். கீழ இருக்கறவர் நிப்பிளை மூடிட்டு 'விடு'ன்னு சொன்னப்புறம்தான் காலை எடுக்கணும். நடுவுல எடுத்தீங்கன்னா, போன காத்து அதே வழியா உள்ள வந்துரும். தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிங்க, டிரைவர் பக்கத்துச் சக்கரம் கடைசி. டப்பாவை வத்த விட்டுராதீங்க. வத்துச்சுன்னா நாலு சக்கரமும் மறுபடி. நல்லா சத்தமா பேசிக்கிட்டே செய்யுங்க."

"பேசாமல் செய்ய வழி உண்டா?" என்று கேட்டார் கனகசபை.

"எதுக்குப் பேசாம? ரெண்டு பேருக்குள்ள சண்டையா?"

"மௌன விரதம்."



"ஸ்பேனரால தட்டிக்கோங்க," என்றார் பாய். "ஒரு தட்டுன்னா மிதி. ரெண்டு தட்டுன்னா விடு."

ரோசலின் குடையை விரித்தாள். "நான் மேல்காட்டுக்குப் போய் பிள்ளைங்களைத் தயாரா இருக்கச் சொல்றேன். வண்டி இல்லேன்னா இன்னிக்கே நடந்து இறங்கணும். நடக்கற வழியில யானை நிக்குது. பொழுது சாயறதுக்கு முன்னாடி வர்றேன். வரும், வராதுன்னு ஒரே சொல்லா சொல்லிடுங்க ஐயா. விளக்கம் வேணாம்."

அவள் போனாள்.

குரு மண்ணில் படுப்பதைக் கனகசபையால் ஏற்க முடியவில்லை. தானே ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். தலையும் தோளும் உள்ளே போயின. வயிறு ஆசிரமத்திலேயே நின்றுவிட்டது. இளைய சாமி அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்து, தூசியைத் தட்டிவிட்டு, ஓட்டுநர் இருக்கையைக் காட்டினார். பிறகு தாம் படுத்து உள்ளே போனார்.

பின்பக்க இடது சக்கரம். ஒரு தட்டு. கனகசபை மிதித்தார். இரண்டு தட்டு. விட்டார். எழுந்து, ஜீப்பில் கிடந்த ஆயில் புட்டியிலிருந்து டப்பாவில் ஊற்றினார். மறுபடி. குழாய் வழியாக பாட்டிலுக்குள் குமிழிகள் வந்தன, குறைந்தன, நின்றன. பின்பக்க வலது. அதுவும் ஆயிற்று. முன்பக்க இடது. ஆயிற்று. மிதி கொஞ்சம் கொஞ்சமாக உறுதிப்பட்டது. கனகசபைக்கே ஆச்சரியம். இத்தனை எளிதான காரியத்தை நூல்களில் ஏன் யாரும் எழுதவில்லை?

கடைசியாக டிரைவர் பக்கத்துச் சக்கரம்.

அந்த ஜீப்பின் தளத்தில், மிதிகளுக்கு நடுவே, துரு தின்ற ஓட்டை ஒன்று இருந்தது. மழையில் சேறும் வெயிலில் புழுதியும் வருகிற வழி. ஒரு தட்டு கேட்டது. கனகசபை மிதிக்கக் காலைத் தூக்கினார். ஓட்டை வழியே கீழே பார்த்தார்.

நேர் கீழே இளைய சாமியின் மழித்த தலை இருந்தது.

கால் அந்தரத்தில் நின்றது. மறுபடி ஒரு தட்டு. கனகசபை கண்ணை மூடிக்கொண்டு மிதித்தார்.  யார்மீதாவது கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த உடம்பு அது. புத்தகத்தின்மேல் கால் பட்டாலும் அப்படித்தான். ஒரு நூலகருக்கு ஒரு நாளில் எத்தனை புத்தகம்! கால் தானாக எழுந்தது. இடுப்பு தானாக வளைந்தது. விரல் தளத்தைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"சிவ சிவ," என்றார் கனகசபை.

கீழே ஏதோ உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு இரண்டு தட்டு.

காலைத்தான் எப்போதோ எடுத்தாயிற்றே, இந்த இரண்டு தட்டு எதற்கு என்று கனகசபை யோசித்தார். ஒருவேளை இது ஆசீர்வாதம்.

ஒரு தட்டு. மிதித்தார். எடுத்தார். தொட்டார். ஒற்றிக்கொண்டார்.

கீழே இளைய சாமி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். குமிழி வந்தது. போனது. மறுபடி வந்தது. மற்ற மூன்று சக்கரமும் அடங்கிவிட, இந்த ஒன்று மட்டும் முடிவில்லாமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. அவர் வெளியே வந்து நிப்பிளின் மரையைத் துடைத்துப் பார்த்தார். குழாயை மாற்றிச் செருகினார். முறுக்கிய நட்டை மறுபடி முறுக்கினார். கனகசபையின் முகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"எனக்கும் விளங்கவில்லை சாமி," என்றார் கனகசபை. உண்மையாகவே விளங்கவில்லை. "அருகில் இருப்பதே அகப்படாது என்பார்களே, அதுவாக இருக்குமோ?"

இளைய சாமி மறுபடி உள்ளே போனார்.

வெயில் சாய்ந்தது. கனகசபை மிச்சமிருந்த ஆயிலை டப்பாவில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு விழுந்தது. காலிப் புட்டியைக் குனிந்து ஓட்டை வழியே காட்டினார். கீழிருந்த தலை மெல்ல அசைந்தது. இனி டப்பா வற்றினால் நான்கு சக்கரமும் மறுபடி. அதற்கு ஆயில் இல்லை. ஏழு பெண்கள் யானை நிற்கிற வழியில் நடக்க வேண்டும்.

 இந்த முறை மிகுந்த பக்தியோடு செய்ய வேண்டும் என்று கனகசபை தீர்மானித்தார்.

ஒரு தட்டு.

மிதித்தார். மிதி தளம் வரை போனது. குமிழிகள் கொத்தாக வெளியேறின. கனகசபையின் முதுகு வளையத் தொடங்கியது. வலது குதிகால் மிதியிலிருந்து நூலளவு எழுந்தது. ஓட்டை வழியே இளைய சாமி அதைப் பார்த்தார். அத்தனை நேரமும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மிதிக்கும் நேரத்தில் மேலே பார்த்தது அதுதான் முதல் முறை.

"காலை எடுக்காதய்யா!"

மலை எதிரொலித்தது. தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்கை பறந்தது.

கனகசபை உறைந்தார். கால் இருந்த இடத்தில் இருந்தது. அவர் எடுக்காததற்குக் காரணம் கீழ்ப்படிதல் அல்ல. எடுக்கச் சொல்லக்கூட அந்தக் காலுக்கு அப்போது ஆள் இல்லை.

"பிடி," என்றது கீழிருந்து குரல். நெடுநாளாகத் திறக்காத கதவுபோலக் கரகரத்தது. "பிடி. அப்படியே பிடி. மூடிட்டேன். இப்ப விடு."

விட்டார்.

"மிதி... பிடி... விடு."

மிதித்தார். பிடித்தார். விட்டார். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து ஓட்டை வழியே சொட்டியது.

"என்னமோ ஒழுகுது," என்றது குரல்.

"நான்தான் சாமி."

"ஆயிலோன்னு பார்த்தேன். மிதி... பிடி... விடு. போதும்."

இளைய சாமி வெளியே வந்தார். முகத்தில் பாதி மண், பாதி ஆயில். கையால் மிதியை அழுத்திப் பார்த்தார். மிதி பாதிகூடப் போகவில்லை, கல்போல நின்றது. டப்பாவில் ஆயில் ஒரு விரல்கடை உயரம் மிச்சமிருந்தது.

ரோசலின் மேட்டிலிருந்து வேகமாக இறங்கி வந்தாள்.

"யாருங்க ஐயா அப்படிக் கத்துனது? மேட்டுக்கே கேட்டுச்சு."



"நான்தான் டீச்சர்," என்றார் இளைய சாமி.

ரோசலின் சிலுவைக்குறி இட்டுக்கொண்டாள். "சாமி... பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கே!"

"பரீட்சை நாளைக்குத்தானே?"

"ஆமா சாமி."

"அப்ப வண்டி வரும். டப்பா நிறைக்கற அளவுக்கு மட்டும் ஆயில் வாங்கணும், அடிவாரத்துல வாங்கிக்கலாம். விடியறப்ப பிள்ளைங்களை வாசல்ல நிறுத்துங்க."

அவள் மேல்காட்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். சற்று நேரத்தில் மேட்டுக்கு அப்பால் பெண்கள் கூச்சலிடுவது கேட்டது.

இளைய சாமி தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கனகசபை பின்னால் வந்து நின்றார். 

"சாமி."

"சொல்லுங்க."

"ஓராண்டுத் தவம் என்னால் போயிற்று."

இளைய சாமி நகக்கண்ணில் இருந்த அழுக்கைத் தேய்த்தார்.

"இதற்குப் பிராயச்சித்தம் உண்டு. ஆனால் எதற்குச் செய்வது என்றுதான் தெரியவில்லை," என்றார் கனகசபை. "குருவின் தலைக்கு மேல் காலை வைத்தது குற்றம். அதற்கு நூல் இருக்கிறது. வைத்த காலை எடுத்ததால் குருவின் விரதம் கெட்டது, அதுவும் குற்றம். அதற்கும் நூல் இருக்கிறது. வைத்ததற்குச் செய்தால் எடுத்தது சரி என்று ஆகும். எடுத்ததற்குச் செய்தால் வைத்தது சரி என்று ஆகும். நான் எதற்குச் செய்யட்டும்?"

இளைய சாமி கையை உதறினார். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டார்.

"கனகசபை, உங்க காலுக்குக் கீழே நான் ஒருத்தன்தான் இருந்தேன். நாளைக்கு உங்க முதுகுக்குப் பின்னால ஏழு பேர் இருப்பாங்க."